கீமோ வேண்டாம், ஒரு மண்டலம் மருந்து போதும் என்கிறார்களே?

கேள்வி: என் அம்மாவுக்கு 54 வயது. மார்பகப் புற்றுநோய், இரண்டாம் நிலை என்று சொல்லி ஆபரேஷன் செய்தார்கள். மூன்று வாரம் ஆகிறது. அடுத்து கீமோ என்கிறார் டாக்டர். "கட்டியைத்தான் எடுத்தாச்சே, இனி எதுக்கு அந்த விஷம்?" என்று கேட்கிறார் பெரியப்பா. அவருக்குத் தெரிந்த நாட்டு வைத்தியர், ஒரு மண்டலம் மருந்து சாப்பிட்டால் போதும் என்கிறாராம். எதைச் செய்வது? இரண்டையும் சேர்த்துச் செய்யலாமா?
– வாசகி, நாமக்கல்

பதில்: கீமோவைத் தள்ளிப்போடாதீர்கள், அம்மா. ஆபரேஷன் முடிந்து பொதுவாக நான்கு முதல் ஆறு வாரத்துக்குள் தொடங்கிவிடுவோம். 90 நாளைத் தாண்டினால் பலன் குறைகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஒரு மண்டலம் என்றால் 48 நாள். ஏற்கெனவே போன மூன்று வாரத்தைச் சேர்த்தால் 69 ஆகிவிடும். அதன் பிறகு மனம் மாறி, டெஸ்ட் எடுத்து, தேதி வாங்குவதற்குள் காலம் கடந்துவிடும்.

பெரியப்பா கேட்பது நியாயமான கேள்விதான். கட்டியை எடுக்கும் முன்பே அதிலிருந்து சில செல்கள் ரத்தத்திலும் நிணநீரிலும் கலந்து வெளியே போயிருக்கலாம். எந்த ஸ்கேனிலும் தெரியாத அளவுக்கு அவை சிறியவை. கீமோ அவற்றுக்காகத்தான். அவை வளர்ந்து கண்ணுக்குத் தெரிய இரண்டு மூன்று வருடம்கூட ஆகலாம். அதுவரை ஆள் நன்றாகத்தான் இருப்பார். அதனால்தான் ஆபரேஷனுக்குப் பிறகு யார் என்ன மருந்து கொடுத்தாலும், முதல் வருடத்தில் அது குணமாக்கியது போலவே தெரியும். "அவர் மருந்தில் நல்லாயிட்டாங்க" என்று யாராவது சொன்னால், ஆபரேஷன் செய்துகொண்டார்களா, எத்தனை வருடம் ஆயிற்று என்று இரண்டையும் கேளுங்கள்.

அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2018-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. பரவாத நிலையில் புற்றுநோய் கண்டறியப்பட்டும் வழக்கமான சிகிச்சைகளை விட்டு மாற்று மருத்துவத்தை மட்டும் தேர்ந்தவர்களைப் பார்த்தார்கள். மார்பகப் புற்றில் அவர்களுடைய இறப்பு அபாயம் ஐந்து மடங்குக்கும் மேல். அதே குழு அதே ஆண்டில், வழக்கமான சிகிச்சையோடு வேறு வைத்தியமும் சேர்த்துக்கொண்டவர்களையும் ஆராய்ந்தது. அங்கும் அபாயம் இரண்டு மடங்காக இருந்தது. முக்கியக் காரணம், அவர்களில் பலர் கீமோ, கதிர்வீச்சு, ஹார்மோன் மாத்திரை என்று எதையாவது ஒன்றை நடுவில் மறுத்துவிட்டதுதான். சேர்த்துச் செய்வதில் நான் பயப்படுவதும் இதற்குத்தான்.

மூலிகையை நான் குறைத்துச் சொல்லவில்லை. நம் வீட்டு வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியை ஜமைக்காவில் சர்க்கரை நோய்க்குக் கஷாயமாகக் குடித்தார்கள். 1950-களில் கனடாவில் அதை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது சர்க்கரை குறையவில்லை, வெள்ளை அணுக்கள் குறைந்தன. அந்த வழியில்தான் வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து கிடைத்தது. அதே செடியிலிருந்து பிறகு வந்த வின்கிரிஸ்டின் இன்றும் குழந்தைகளின் ரத்தப் புற்றுக்கு முக்கிய மருந்து. மார்பகப் புற்றுக்குக் கொடுக்கும் பாக்லிடாக்சலும் ஒரு மரப்பட்டையிலிருந்து வந்ததே. ஒரு கிராம் வின்கிரிஸ்டின் எடுக்கப் பல நூறு கிலோ இலை வேண்டும். அதனால் இலையைக் கசக்கிக் குடித்தால் அந்த அளவு வராது, விஷம் மட்டும் ஏறலாம். தயவுசெய்து யாரும் முயல வேண்டாம்.

கீமோவோடு துணையாகச் செய்யக்கூடியவை இருக்கின்றன. மென்மையான யோகா, தினமும் நடை, மூச்சுப் பயிற்சி எல்லாம் சோர்வையும் பதற்றத்தையும் குறைக்கும். வாந்தி மாத்திரையோடு இஞ்சியைச் சாப்பாட்டில் சேர்க்கலாம். பயிற்சி பெற்றவரிடம் அக்குபங்சரும் சிலருக்குக் குமட்டலில் உதவுகிறது, ஆனால் ரத்த அணுக்களின் எண்ணிக்கையைப் பார்த்துவிட்டுத்தான் ஊசி குத்த வேண்டும்.

உள்ளே சாப்பிடும் நாட்டு மருந்துகளை, மூலிகைகளைக் கீமோ முடியும்வரை நிறுத்திவையுங்கள். குழம்பில் போடும் மஞ்சள் பரவாயில்லை; மிளகுச் சத்து சேர்த்த மஞ்சள் கேப்சூல் கல்லீரலைக் கெடுத்திருக்கிறது. சீந்தில் கொடியைச் சாப்பிட்டுக் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி இந்திய டாக்டர்களே எழுதியிருக்கிறார்கள். செந்தூரம், பற்பம் போன்ற சித்த மருந்துகளில் பாதரசம், ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. அருகம்புல் சாறு போன்ற பச்சைச் சாறுகளும் வேண்டாம். ஒவ்வொரு கீமோவுக்குப் பிறகும் ஏறத்தாழ 7 முதல் 14 நாளுக்குள் வெள்ளை அணுக்கள் மிகவும் இறங்கும். அப்போது பச்சைச் சாற்றில் இருக்கக்கூடிய சாதாரணக் கிருமியே உயிருக்கு ஆபத்தாகிவிடும். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் கஷாயம் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்காமல், நடுராத்திரி ஆனாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சித்த மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும் என்று அம்மா விரும்பினால், பட்டம் பெற்றுப் பதிவு செய்தவரிடம் போங்கள். அரசு மருத்துவமனைகளிலேயே சித்தா பிரிவு இருக்கிறது, தாம்பரத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. மருந்தின் பெயரை எழுதி வாங்கி, புற்றுநோய் டாக்டரிடம் காட்டுங்கள். பெயர் சொல்லாத பொடி எதுவும் வேண்டாம். புற்றுநோயைக் குணமாக்குவேன் என்று விளம்பரம் செய்வதையே 1954-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது.

தயக்கத்துக்குப் பணமும் ஒரு காரணம் என்றால், முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் கீமோவுக்கு வழி இருக்கிறது, மருத்துவமனையில் விசாரியுங்கள். இந்த வாரமே டாக்டரைப் பாருங்கள். பெரியப்பாவையும் கூட்டிப்போங்கள். அவர் உங்களிடம் கேட்ட கேள்வியை டாக்டரிடமே கேட்கட்டும்.