கோர்ட் கட்ட நகையை வைக்கலாமா?

கேள்வி: சார், பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் ஒன்பது வருடமாக விளையாட்டுச் சாமான் கடை வைத்திருக்கிறோம். போன வருடம் ரொம்ப அடி. இறகு ஷட்டில் விலை ஏறிப்போனது, பையன்கள் ஆன்லைனுக்குப் போய்விட்டார்கள். மாதம் 2.4 லட்சம் ஓடிய கடை 1.5 லட்சத்துக்கு இறங்கிவிட்டது. என் வீட்டுக்காரர் ராக்கெட்டுக்கு நரம்பு கட்டும் மெஷின் வாங்கிப் போட்டார். நான் அணிகளுக்கு ஜெர்சி ஆர்டர் பிடித்து, திருப்பூரில் அடித்துத் தருகிறேன். பொள்ளாச்சி அணிகளுக்கும் அனுப்புகிறோம். இப்போது மாதம் 3 லட்சம் ஓடுகிறது. பக்கத்துத் தோட்டக்காரர் 11 மாத அக்ரிமெண்டில் இடம் தருகிறார். கூரை போட்டு இரண்டு ஷட்டில் கோர்ட் கட்ட 14 லட்சம் ஆகும். நகையை வைத்து 6 லட்சம், வங்கியில் 8 லட்சம் வாங்கலாம் என்று நினைக்கிறோம். வரவு செலவு தாளை இணைத்திருக்கிறேன். செய்யலாமா?

பதில்: இப்போது வேண்டாம் அம்மா. ஏன் என்பதை உங்கள் தாளிலிருந்தே சொல்கிறேன்.

அந்த 3 லட்சத்தில் 1.7 லட்சம் சாமான் விற்பனை. அதில் நிற்பது 20,400 ரூபாய். ஜெர்சி 1 லட்சத்துக்கு ஓடி 22,000 தருகிறது. நரம்பு கட்டுவதில் வருவது 30,000தான், ஆனால் நரம்பு விலை போக 18,000 கையில் நிற்கிறது. பாதிக்கு மேல் விற்பனை தரும் அலமாரி, லாபத்தில் மூன்றில் ஒரு பங்குதான் தருகிறது! உங்களைக் கரையேற்றியவை போட்ட பணம் முடங்காத இரண்டு வேலைகள். ஜெர்சி, விற்ற பிறகு தைக்கிற சரக்கு. 2022 உலகக் கோப்பையில் பிரேசில் ஜெர்சியை மூட்டை மூட்டையாக வாங்கி அடுக்கிய பாலக்காட்டுக் கடைக்காரர் ஒருவரை எனக்குத் தெரியும். டிசம்பர் 9 அன்று குரோஷியாவிடம் பிரேசில் தோற்றது. மறுநாள் அந்த மஞ்சளைச் சீண்ட ஆளில்லை. உங்களுக்கு அந்தத் தலைவலி கிடையாது.

கோர்ட் இதற்கு நேர் எதிர். 14 லட்சமும் அடுத்தவர் நிலத்தில் கூரையாக நிற்கும். மொத்த லாபம் 60,400. அதில் வாடகை, ஆள் சம்பளம், மின்சாரம், வண்டிச் செலவு எல்லாம் 28,400. மிச்சம் 32,000. வீட்டுச் செலவு 22,000 போக மாதம் 10,000 நிற்கிறது. வங்கிக் கடன் 8 லட்சத்துக்கு 12 சதவீதம், ஐந்து வருடம் என்றால் தவணை சுமார் 17,800. நகைக்கு 10 சதவீதம் என்றாலும் வட்டி மட்டும் மாதம் 5,000, அசல் அப்படியே இருக்கும். ஆக 22,800.

காலை இரண்டு மணி நேரம், மாலை நான்கு மணி நேரம், ஒரு கோர்ட்டுக்கு மணிக்கு 250 ரூபாய் என்று வைப்போம். அதில் பாதி நேரம் நிரம்பினால் மாதம் 26 நாளில் 39,000 வரும். இட வாடகை 12,000, ஆள், மின்சாரம் 12,000 போனால் 15,000. தவணைக்கும் வட்டிக்கும் 7,800 குறைகிறது. அதைக் கடையிலிருந்து எடுத்தால் மிஞ்சுவது 2,200. ஒரு மாதம் ஜெர்சி ஆர்டர் படுத்தால் நகை ஏலத்துக்குப் போகும் வழி திறந்துவிடும்.

இதைவிட எனக்குப் பயம் அந்த 11 மாதப் பத்திரம்தான். கடன் ஐந்து வருடம், உரிமை 11 மாதம். ஒரு வருடத்தைத் தாண்டும் குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும், அதைத் தவிர்க்கத்தான் 11 என்று எழுதுகிறார்கள். கோர்ட் நன்றாக ஓட ஆரம்பித்ததும் தோட்டக்காரர் வாடகையை இரண்டு மடங்காக்கினால் கூரையைப் பெயர்த்துக்கொண்டா வருவீர்கள்?

சரி, வேறு என்ன செய்யலாம்? பள்ளிகளும் கிளப்புகளும் தர வேண்டிய பாக்கி 1.9 லட்சம் என்று தாளின் ஓரத்தில் சின்னதாக எழுதியிருக்கிறீர்கள். வீட்டுச் செலவுக்கு முன் கடையில் நிற்கும் 32,000-ல் அது கிட்டத்தட்ட ஆறு மாத மிச்சம். முதல் வேலை அதை வசூலிப்பது. இனி ஜெர்சிக்கு 60 சதவீதம் முன்பணம் இல்லாமல் துணி வெட்டச் சொல்லாதீர்கள். பெயரும் நம்பரும் அடித்த ஜெர்சியை வேறு யாருக்கு விற்பீர்கள்? தெரிந்த பையன்கள், எப்படிக் கேட்பது என்று தயங்குவீர்கள். திருப்பூர்க்காரர் உங்களிடம் கேட்கத் தயங்கினாரா?

அடுத்து ஜிஎஸ்டி. பதிவு இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். வருட விற்பனை 40 லட்சம் வரை பதிவு வேண்டாம் என்ற வரம்பு சரக்கு மட்டும் விற்பவர்களுக்கு. நரம்பு கட்டும் கூலி சேவை. அது சேர்ந்ததும் வரம்பு 20 லட்சமாகிவிடும். நீங்கள் வருடம் 36 லட்சத்தில் இருக்கிறீர்கள். தவிர, மாநில எல்லை தாண்டி சரக்கு அனுப்பினால் எந்த வரம்பும் கிடையாது, முதல் ரூபாயிலிருந்தே பதிவு வேண்டும். 2017-ல் விற்பனை வரிச் சோதனைச் சாவடிகளை எடுத்துவிட்டதால் பொள்ளாச்சி பக்கத்துத் தெரு மாதிரி தெரியும். சட்டத்துக்கு அது வேறு மாநிலம். 1 சதவீதம் கட்டும் எளிய திட்டமும் வெளிமாநில விற்பனை செய்பவருக்கு இல்லை. பதிவு செய்தால் திருப்பூரில் கட்டும் வரியைக் கழித்துக்கொள்ளலாம், அது ஓர் ஆறுதல். இந்த வாரமே ஆடிட்டரைப் பாருங்கள், பழைய பில்களையும் எடுத்துப் போங்கள். பதிவு இல்லாத கடையின் கணக்கை எந்த வங்கி மேலாளரும் பார்த்த பார்வையிலேயே தள்ளிவிடுவார்.

கடன் வாங்கியே ஆக வேண்டும் என்றால் நகையைத் தொடாமல் சிறு தொழிலுக்கான மத்திய அரசின் முத்ரா கடன் திட்டத்தில் கேளுங்கள். 50,000 முதல் 5 லட்சம் வரை கிஷோர் பிரிவு, அடமானம் வேண்டாம். இன்னொரு நரம்பு மெஷினுக்கும் ஜெர்சி நடைமுதலுக்கும் 2 லட்சம் போதும்.

கோர்ட் ஆசையை விட வேண்டாம். ஏற்கெனவே இருக்கும் கோர்ட் ஒன்றில் மாலை இரண்டு மணி நேரத்தை மாத வாடகைக்குப் பிடித்து உங்கள் பெயரில் நடத்துங்கள். மழை மாதங்களையும் சேர்த்து ஆறு மாதம் யார் வந்தார், எத்தனை மணி, எவ்வளவு தந்தார் என்று நோட்டில் எழுதுங்கள். அந்த நோட்டும், பதிவு செய்த ஐந்து வருடக் குத்தகைப் பத்திரத்தின் வரைவும் கையில் இருக்கும்போது எனக்கு மறுபடி எழுதுங்கள்.