மத்தியதரைக் கடல் தீவுகளில் கூட்டமில்லாத, அமைதியான துறைமுகக் கடற்கரை எது? போய் வந்தவர்கள் சொல்லுங்களேன்.

என் பதில் லூத்ரோ. கிரீஸ் நாட்டின் கிரீட் தீவில், தென்கரையில் இருக்கிற சின்ன ஊர். நீங்கள் கூட்டம் வேண்டாம் என்கிறீர்கள், அதே சமயம் வெறும் மணல்வெளியாக இல்லாமல் படகு வந்து போகிற துறைமுகமாகவும் இருக்க வேண்டும் என்கிறீர்கள். இரண்டும் சேர்ந்து அமைந்த இடமாக எனக்குத் தெரிந்தது இதுதான்.

லூத்ரோவுக்குச் சாலை கிடையாது. படகில் வரலாம், இல்லையென்றால் நடந்து வரலாம். ஊருக்குப் பின்னால் லெஃப்கா ஓரி என்கிற மலைத்தொடர் சுவர் மாதிரி எழும்பி நிற்கிறது. அதன் மிக உயர்ந்த சிகரம் 2,453 மீட்டர். முன்னால் லிபியக் கடல். இரண்டுக்கும் நடுவில் கிடைத்த கொஞ்ச இடத்தில் வெள்ளைச் சுவரும் நீல ஜன்னலுமாக வீடுகள், அவற்றை ஒட்டியே கூழாங்கல் கரை. கார் இல்லை, ஸ்கூட்டர் இல்லை, ஹாரன் இல்லை. ஊரை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நடக்க சில நிமிடங்கள் போதும்.

போகிற வழி எளிதுதான். ஹானியா நகரத்திலிருந்து பேருந்து மலையைத் தாண்டி ஹோரா ஸ்ஃபாகியா என்ற ஊருக்கு வருகிறது. கடைசிப் பகுதியில் வளைந்து வளைந்து இறங்கும் சாலையில் வயிற்றைப் புரட்டும், முன் இருக்கையில் உட்காருங்கள். அங்கிருந்து படகில் இருபது நிமிடம், அவ்வளவுதான். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா வேண்டும்.

இந்த ஊரின் உயிர் அந்தப் படகில்தான் இருக்கிறது என்பதை அங்கே தங்கினால் உணர்வீர்கள். படகு கரையை நெருங்கும்போதே முன்பக்கத்து இரும்புப் பலகையைச் சங்கிலி சத்தத்தோடு இறக்குவார்கள். ஆட்கள் இறங்குவதற்கு முன்பே கரையில் கைவண்டிகளோடு கடைக்காரர்கள் தயாராக நிற்பார்கள். தக்காளிப் பெட்டி, காஸ் சிலிண்டர், தண்ணீர் பாட்டில் கட்டு, சலவைக்குப் போய் வந்த படுக்கை விரிப்பு மூட்டை எல்லாம் மளமளவென்று இறங்கும். ஒருவர் சரக்கை இன்னொருவர் தள்ளிக்கொண்டு போவார். பலகை மறுபடி தூக்கப்பட்டு, படகு திரும்பினால் துறை மீண்டும் காலி. நான் காபியை வைத்துக்கொண்டு தினமும் இதைப் பார்த்தேன், ஒரு நாளும் அலுக்கவில்லை.

ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும்: லூத்ரோவுக்குப் பகலில் மட்டும் வந்துவிட்டுப் போகாதீர்கள். நடுப்பகலில் ஹோரா ஸ்ஃபாகியாவிலிருந்து ஒரு நாள் பயணிகள் வருகிறார்கள். மேற்கே சமாரியா பள்ளத்தாக்கின் 16 கிலோமீட்டரையும் நடந்து முடித்து அகியா ரூமெலியில் படகேறுபவர்களும் இந்த வழியாகப் போகிறார்கள். அந்த நேரத்தில் குடையும் சாய்நாற்காலியும் நிறைந்துவிடும். கடைசிப் படகு போன பிறகும், மறுநாள் முதல் படகு வருவதற்கு முன்னும்தான் நீங்கள் கேட்கிற அமைதி. காலையில் அந்த வளைகுடாவில் அலையே இருக்காது. என் மனைவிக்கு நீச்சல் தெரியாது, கடலென்றாலே பயம். இங்கே இடுப்பளவு தண்ணீரில், காலடியில் ஒவ்வொரு கல்லும் தெரிய, பயமில்லாமல் நின்றாள். அதற்காகவே இந்த ஊரை எனக்குப் பிடித்துப்போனது என்றுகூடச் சொல்லலாம்.

இந்த அமைதிக்குக் காரணம் நிலத்தின் அமைப்பு. ஊருக்கு மேற்கே ஒரு மேட்டு நிலம் கடலுக்குள் நீட்டிக்கொண்டு போகிறது. அதனால் மேற்கிலிருந்து வருகிற அலை வளைகுடாவுக்குள் நுழைவதில்லை. இந்தக் கரையில் கப்பல்கள் நம்பி ஒதுங்குவதற்கு இப்படிப்பட்ட இடங்கள் குறைவு என்பதால், பழங்காலத்திலிருந்தே இது பெயர்பெற்ற துறை. பைபிள் படித்தவர்களுக்கு இந்த இடம் தெரிந்திருக்கும், பெயர்தான் வேறு. அப்போஸ்தலர் நடபடிகள் 27-ஆம் அதிகாரத்தில் வருகிற பேனிக்ஸ் துறைமுகம் இந்தப் பகுதிதான். மேட்டு நிலத்தின் மறுபக்கத்து வளைகுடாவுக்கு இன்றும் ஃபினிகாஸ் என்றே பெயர்.

கிறிஸ்தவத்தைப் பரப்பிய அப்போஸ்தலர் பவுலைக் கைதியாக ரோமுக்குக் கொண்டுபோன கப்பல், கிழக்கே ‘நல்ல துறைமுகம்’ என்ற இடத்தில் நிற்கிறது. குளிர்காலம் நெருங்கிவிட்டது. இனிமேல் கப்பலைக் கிளப்புவது ஆபத்து என்று பவுல் எச்சரிக்கிறார். கைதிகளுக்குப் பொறுப்பான ரோமப் படை அதிகாரியான நூற்றுக்கு அதிபதியோ மாலுமியின் பேச்சையும் கப்பல் சொந்தக்காரரின் பேச்சையும்தான் கேட்கிறான். பேனிக்ஸுக்குப் போய்விட்டால் குளிர்காலத்தைப் பத்திரமாகக் கழித்துவிடலாம் என்பது அவர்கள் கணக்கு. தென்றல் மெதுவாக வீச, கிளம்புகிறார்கள். கொஞ்ச நேரத்திலேயே யூரோக்கிலிதோன் என்ற கடுங்காற்று தீவிலிருந்து மோதி, 276 பேர் இருந்த கப்பலை நடுக்கடலுக்குத் தள்ளிவிடுகிறது. கடைசியில் மால்டாவில் கப்பல் உடைந்து கரையேறுகிறார்கள். அவர்கள் வந்து சேர நினைத்து, சேர முடியாமல் போன துறை இது. மேட்டின் மேல் இடிந்த கோட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அந்த அதிகாரத்தைப் போனில் திறந்து படித்தேன். மலையிலிருந்து திடீரென்று ஒரு காற்று இறங்கி, அமைதியாக இருந்த தண்ணீரைக் கருமையாக்கிக்கொண்டு போவதைக் கண்ணால் பார்த்தபோது, அந்த மாலுமிகளுக்கு என்ன நடந்திருக்கும் என்பது நன்றாகவே புரிந்தது.

ஊர்க் கரை போதாதென்றால் கிழக்கே ‘இனிய நீர்’ கடற்கரைக்குப் போங்கள். கிரேக்கத்தில் கிளிக்கா நேரா. செங்குத்துப் பாறையின் அடியில் நீளமான கூழாங்கல் கரை. மலையில் இறங்குகிற தண்ணீர் பாறைக்குள் ஊறி வந்து, கடலோரக் கற்களுக்கு அடியில் வெளியேறுகிறது. கடலிலிருந்து சில அடி தள்ளி, கற்களைக் கையால் ஒதுக்கிக் குழி பறித்தேன். முழங்கை ஆழம்கூடப் போகவில்லை, அடியிலிருந்து தண்ணீர் ஊறி ஏறியது. வாயில் விட்டால் உப்பே இல்லை, பல் கூசுகிற அளவுக்குக் குளிர்ச்சி. அங்கே கடலில் நீந்தும்போதும், வெதுவெதுப்பான தண்ணீருக்கு நடுவில் திடீரென்று ஐஸ் போன்ற ஒரு நீரோட்டம் உடம்பில் படும். நடந்தால் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் அதிகம். சீசனில் சின்னப் படகும் போகிறது. நடைபாதையில் நிழல் இல்லை, தலைசுற்றல் உள்ளவர்கள் படகிலேயே போவது நல்லது.

மேற்கே நடந்தால் லிக்கோஸ், அதைத் தாண்டி அரதேனா பள்ளத்தாக்கின் வாயில் மார்மரா கடற்கரை. மலையேறத் தெம்பிருந்தால் நேர் மேலே அனோபோலி. 1770-இல் ஒட்டோமான் ஆட்சியை எதிர்த்துக் கிளர்ச்சி செய்த தஸ்கலோயானிஸ் பிறந்த ஊர் அது. ஹானியா விமான நிலையத்துக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். ஏறுவது கிட்டத்தட்ட 600 மீட்டர். விடிந்ததும் கிளம்பினால்தான் முடியும்.

சாப்பாட்டுக்கு எந்தக் கவலையும் வேண்டாம், சைவக்காரர்களுக்கும்தான். உணவகங்களில் அன்றைக்குச் சமைத்ததைத் தட்டு தட்டாகக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்திருப்பார்கள். நேரே போய்ப் பார்த்து, விரலை நீட்டிச் சொன்னால் போதும். பார்லி ரொட்டியின் மேல் தக்காளியும் ஆட்டுப்பால் சீஸும் போட்ட டாக்கோஸ், தக்காளியில் வெந்த பெரிய பீன்ஸ், ஆலிவ் எண்ணெய் விட்ட கீரை எல்லாம் கிடைக்கும். அப்புறம், ஸ்ஃபாகியா பீட்டாவை விட்டுவிடாதீர்கள். மெல்லிய மாவுக்குள் மிஜித்ரா சீஸை வைத்துத் தட்டி, வாணலியில் சுட்டு, சூடாக இருக்கும்போதே தேன் ஊற்றித் தருவார்கள். இந்தப் பகுதிக்கே உரிய பண்டம்.

எப்போது போகலாம் என்றால், மே கடைசி அல்லது செப்டம்பர். ஜூலை, ஆகஸ்டில் பின்னால் இருக்கிற பாறை பகல் முழுக்க வெயிலை வாங்கி இரவிலும் அனலடிக்கும். குளிர்காலத்தில் பெரும்பாலான விடுதிகள் பூட்டியிருக்கும். கரை முழுக்கக் கல் என்பதால் தண்ணீரில் போட்டுக்கொள்ள ரப்பர் செருப்பு ஒன்று எடுத்துப் போங்கள். காற்று பலமானால் படகை நிறுத்திவிடுவார்கள். அன்றைக்கு வெளியேற நடைபாதை ஒன்றுதான் வழி, சக்கரப் பெட்டி அந்தப் பாதையில் உருளாது. அதனால் முதுகுப்பையில் அடங்குகிற சாமானோடு போய், திரும்புகிற விமானத்துக்கு முந்தைய இரவை ஹானியாவிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.