ஆச்சியின் பாம்படம்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

உடன்குடிக்கு அருகே ஒரு கிராமத்தில் என்னை வளர்த்த என் ஆச்சியைப் பற்றிக் கட்டுரை ஒன்று எழுதி உறவினர்களுக்கும் தோழிகளுக்கும் அனுப்பினேன். அவர் மடியில் கிடந்தபடி, வடித்துத் தொங்கிய வெறுங்காதைப் பிடித்து ஆட்டி விளையாடியதையும், கருப்பட்டி காய்ச்சிய சட்டியில் ஒட்டியிருக்கும் பாகை அவர் சுரண்டித் தந்ததையும் அதில் எழுதியிருந்தேன். படித்த அனைவரும் “எங்கள் பாட்டியும் இப்படித்தான்” என்றார்கள். மகிழ்ச்சியாகத்தான் இருந்தது, ஆனாலும் என் ஆச்சி அந்தக் கட்டுரைக்குள் வரவேயில்லையோ என்ற ஐயம் எழுந்துவிட்டது. அத்தை மட்டும், அந்தக் காதில் கிடந்த பாம்படம் கருப்பட்டி வியாபாரியிடம் வாங்கிய முன்பணத்துக்காகப் போனது என்று சொல்லி, அதை எழுதிவிடாதே என்றும் கேட்டுக்கொண்டார். எழுதலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் ஐயம் சரியானதே. பாட்டியைப் பற்றி எழுத உட்காரும் நாம் பெரும்பாலும் அவர் மடியில் கிடந்த குழந்தையைப் பற்றித்தான் எழுதி முடிக்கிறோம். நமக்கு ஊட்டினார், நமக்குக் கதை சொன்னார், நமக்கென்று ஒளித்துவைத்தார் என எல்லாமே நம்மை நோக்கி வருவதால், எந்த வீட்டுப் பாட்டியையும் அந்த இடத்தில் உட்காரவைத்துவிட முடிகிறது.

நீங்கள் ஆட்டி விளையாடிய காதையே எடுத்துக்கொள்ளுங்கள். தென்மாவட்டங்களில் அந்நாட்களில் சிறு வயதிலேயே பெண்குழந்தைகளின் காதைத் துளைத்து, பஞ்சையும் ஓலைச் சுருளையும் செருகித் துளையைப் பெரிதாக்கி, பிறகு ஈயக் குணுக்குகளை மாட்டி, அந்தப் பாரத்திலேயே காதுமடல் தோளை நோக்கி இறங்கும்வரை விட்டுவைப்பார்கள். இத்தனை வலிக்கும் பிறகு காதில் ஏறும் பாம்படம், பொன்தகட்டுக்குள் அரக்கு நிரப்பிச் செய்யப்படும் நகை. பல குடும்பங்களில் பெண்ணின் பெயரில் இருந்த ஒரே சேமிப்பும் அதுவே. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இளம்பெண்கள் பலர் வடித்த காதை அறுத்துத் தைத்துக்கொண்டு கம்மலுக்கு மாறினார்கள். உங்கள் ஆச்சி தைத்துக்கொள்ளவில்லை என்பது உங்கள் கடிதத்திலிருந்தே தெரிகிறது. பாம்படம் என்றாவது மீண்டு வரும் என்று எண்ணியிருந்தாரா, அல்லது இனி எதற்கு என்று விட்டுவிட்டாரா என்பதை அத்தையைத் தவிர வேறு யார் சொல்லப் போகிறார்கள்?

அடுத்தது அவருடைய தொழில். என் அப்பாவைப் பெற்ற ஆச்சியும் குதிரைமொழித் தேரி என்னும் செம்மணற்காட்டுப் பக்கத்தில், பதநீர் காய்ச்சும் ஓலைக்குடிசையான விடிலியில் கருப்பட்டி காய்ச்சியவர்தான். விடிலிக்குள் அவர் எங்களைக் கொஞ்சியதே இல்லை. கொதிக்கும் சட்டிக்கு அருகே போனால் பனைமட்டையால் அடி விழும். பதநீரை உள்ளங்கையில் ஊற்றி நக்கிப் பார்த்து, “சுண்ணாம்பு கூடிப்போச்சு” என்று தாத்தாவைக் கடிந்துகொள்வார். கலயத்தில் தடவும் சுண்ணாம்பு குறைந்தால் பதநீர் புளித்துக் கள்ளாகத் திரும்பும், கூடினால் கருப்பட்டியின் நிறமும் சுவையும் கெடும் என்பதால், மரமேறியவரின் பாடு வீணாகுமா இல்லையா என்பதை முதலில் அறிவது காய்ச்சுகிறவளின் நாக்குதான். பொங்கி வழியாமலிருக்க இடித்த ஆமணக்கு விதையைச் சிறிது போடுவதும், ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு அது உருண்டு திரள்வதைப் பார்த்துப் பதம் அறிவதும், சரியான நேரத்தில் இறக்கித் துடுப்பால் துழாவிச் சிரட்டைகளில் ஊற்றுவதும் பெண்களின் கணக்கு. பத்து லிட்டர் பதநீர் வற்றினால் ஏறத்தாழ ஒரு கிலோ கருப்பட்டிதான் தேறும் என்றால், அந்த அடுப்பு எத்தனை நேரம் எரிந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். உடன்குடிக் கருப்பட்டிக்கு அண்மை ஆண்டுகளில் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அந்தப் பெருமையை ஊர் எடுத்துக்கொண்டது, விடிலிப் பெண்களை யாரும் பேசவில்லை என்பது என் தனிப்பட்ட வருத்தம்.

சட்டியில் ஒட்டிய பாகை நீக்கிவிட வேண்டாம். இவ்வளவு வேலைக்கும் பின்னால் அதை வையுங்கள். அப்போது அது உங்கள் ஆச்சி தந்த பாகாக இருக்கும்.

அத்தை தடுத்த செய்தியைத் தாராளமாக எழுதலாம் என்றே நான் கருதுகிறேன். பனைத்தொழில் ஆண்டு முழுவதும் நடப்பதல்ல. பங்குனி வாக்கில் தொடங்கி ஆடி, ஆவணியோடு பதநீர் ஓய்ந்துவிட, மழைமாதங்களில் அரிசிக்கு வியாபாரியிடம் முன்பணம் வாங்குவதும், அடுத்த பருவத்துக் கருப்பட்டியை அவர் சொன்ன விலைக்கே கொடுப்பதும் அப்பகுதிப் பனையேறிக் குடும்பங்கள் பலவற்றின் நடைமுறை. கடன் தீராத வருடத்தில் வீட்டிலிருந்த பொன் போயிருக்கிறது. இதில் குடும்பத்துக்கு என்ன மானக்கேடு இருக்கிறது? வெட்கப்பட வேண்டியவர்கள் இருந்தால், அவர்கள் விலையை நிர்ணயித்தவர்கள்.

ஆனால் அத்தையின் சம்மதத்தோடு எழுதுவது நல்லது. பாம்படம் அடகுக்குப் போனதா, விலைக்கே போனதா, அதைக் கழற்றித் தரச் சொன்னது தாத்தாவா, ஆச்சியே கழற்றிக் கொடுத்தாரா, அன்று அத்தைக்கு என்ன வயது என்பதையெல்லாம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். சொல்ல மறுத்தால், மறுத்தார் என்பதும் கட்டுரையில் இருக்கட்டும். வியாபாரியின் பெயர் மட்டும் வேண்டாம். அவருடைய பேரப்பிள்ளைகளும் அதே ஊரில்தான் இருப்பார்கள்.

அன்புடன்.