உப்புக்காற்றில் சோலார்: மின்கம்பி எட்டாத குடில்களுக்கான கேள்வி பதில்

இராமநாதபுரம் கடற்கரையில் மின்கம்பி போய்ச் சேராத தோப்புக் குடில்களுக்கும் வலைக் கொட்டகைகளுக்கும் சோலார் அமைக்க விரும்புவோர் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். இந்தக் கரையிலேயே பல ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்துவருபவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

உச்சிப்புளி வாசகர்: தென்னந்தோப்பில் ஓர் அறைக் குடில் கட்டியிருக்கிறேன். ஒரு கிலோவாட் பேனல் வேண்டும் என்கிறார் கடைக்காரர். அது சரியா?

உங்கள் வீட்டில் என்னென்ன ஓடும், எத்தனை மணி நேரம் ஓடும் என்று அவர் கேட்காமல் சொல்லியிருந்தால் அது சரியாக இருக்க வழியில்லை. ஒரு தாளை எடுத்து நீங்களே எழுதுங்கள். 9 வாட் எல்இடி விளக்கு மூன்று, ஐந்து மணி நேரம்: 135 வாட்-மணி. 30 வாட் பிஎல்டிசி (குறைந்த மின்சாரத்தில் ஓடும் மோட்டார் வகை) மின்விசிறி இரண்டு, பன்னிரண்டு மணி நேரம்: 720. சிறிய தொலைக்காட்சி 50 வாட், மூன்று மணி நேரம்: 150. கைப்பேசிகளுக்கு 45. ஆக 1,050 வாட்-மணி, அதாவது ஒரு யூனிட்டுக்குச் சற்று மேல். வயர், பேட்டரி, வெப்பம், தூசி ஆகியவற்றில் போகும் இழப்பையும் சேர்த்தால் பேனல் நாளொன்றுக்கு 1,500 தர வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் நாளுக்கு நான்கு மணி நேர முழு வெயிலுக்கு மேல் நான் கணக்கில் எடுப்பதில்லை. 1,500ஐ நான்கால் வகுத்தால் 375 வாட். 200 வாட் பேனல் இரண்டு போதும். மிச்சப் பணத்தைப் பேட்டரிக்கு ஒதுக்குங்கள்.

இதே குடிலில் 75 வாட் பழைய மின்விசிறிகள் இரண்டு ஓடினால் அவற்றுக்கு மட்டுமே 1,800 வாட்-மணி வேண்டும். அதனால்தான் பேனல் வாங்கும் முன் மின்விசிறியை மாற்றச் சொல்கிறேன்.

கமுதி வாசகர்: எங்கள் ஊரில் 648 மெகாவாட் சோலார் நிலையமே நிற்கிறது. அவ்வளவு வெயில் இருக்கும் மாவட்டத்தில் மழைக்காலக் கணக்கு எதற்கு?

வெயில் இருப்பது உண்மை. ஆனால் அந்த நிலையம் பகலில் விளைவதைப் பகலிலேயே மின்தொகுப்புக்கு, அதாவது ஊர்களை இணைக்கும் பொது மின்கம்பி வலையமைப்புக்கு, அனுப்பிவிட்டு இரவில் ஓய்வெடுக்கலாம். மேகம் மூடினால் வேறோர் ஊரின் அனல் நிலையம் ஈடு செய்யும். உங்கள் குடிலுக்கு ஈடு செய்ய யாரும் இல்லை. சித்திரை வெயிலை நம்பிக் கணக்கிட்டவர்கள் கார்த்திகையில் அரிக்கேன் விளக்கைத் தேடியதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பெரியபட்டினம் வாசகர்: டியூபுலர் பேட்டரியா, லித்தியமா?

வெயிலே இல்லாத இரண்டு நாளைத் தாங்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால், முதல் கணக்கின்படி 2,100 வாட்-மணி கையிருப்பு வேண்டும். டியூபுலர் என்பது தண்ணீர் ஊற்றிப் பராமரிக்கும் ஈய-அமில வகை. அதில் பாதியைத்தான் எடுக்கலாம், அதற்குக் கீழே இறக்கினால் ஆயுள் குறையும். எனவே 4,200 வாட்-மணிக்கு 12 வோல்ட், 180 ஆம்பியர்-மணிப் பேட்டரி இரண்டு தேவை. லித்தியம் இரும்பு பாஸ்பேட்டில் எண்பது விழுக்காடு எடுக்கலாம் என்பதால், 25.6 வோல்ட், 100 ஆம்பியர்-மணிப் பேட்டரி ஒன்றே ஏறக்குறைய ஈடாகும்.

டியூபுலருக்கு விலை குறைவு, எந்தச் சிற்றூரிலும் பழுது பார்க்க ஆள் உண்டு. ஆனால் நம் வெப்பம் அதற்கு ஆகாது, 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் பாதியாகிறது என்பது இத்தொழிலில் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. தண்ணீர் குறைந்தால் வாலை வடிநீர் (டிஸ்டில்டு வாட்டர்) மட்டுமே ஊற்ற வேண்டும். நம் கிணற்று உவர்நீரை ஊற்றினால் பேட்டரியைக் குப்பையில்தான் போட வேண்டியிருக்கும். குடிலில் ஆள் நிரந்தரமாக இருந்து கவனிப்பார் என்றால் டியூபுலர் வாங்குங்கள், வாரக்கடைசியில் மட்டும் வந்துபோகிறவர் லித்தியமே வாங்கலாம். எதுவானாலும் கூரையடியில் வைக்காமல், காற்றோட்டமுள்ள நிழலான மூலையில் வையுங்கள்.

ஏர்வாடி வாசகர்: பேனல் போட்டு இரண்டு வருடம்தான் ஆகிறது, மின்சாரம் பாதியாகிவிட்டது. பேனல் கெட்டுவிட்டதா?

பெரும்பாலும் பேனல் கெட்டிருக்காது. முதலில் இணைப்புகளைப் பாருங்கள். கடலிலிருந்து இருநூறு அடி தள்ளியிருந்த என் சொந்தக் கொட்டகையில் இதே குறை வந்தபோது, நானும் பேனலைத்தான் சந்தேகித்தேன். வயரை லேசாக இழுத்தேன், முனை கையோடு வந்துவிட்டது. உறைக்குள்ளே இருந்த செம்பு இழைகள் கறுத்து, பல்லி வால்போல நொறுங்கின. முனையைச் சுற்றிப் பச்சைத் தூள் பூத்திருந்தது. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் உப்புத் தூவானம் எந்தச் சிறு இடைவெளியிலும் நுழைந்துவிடும் என்பதை அன்று கற்றேன். இதற்கு வெள்ளீயம் பூசிய செம்பு வயர், ரப்பர் அடைப்புள்ள இணைப்பிகள், இணைப்புகளின் மேல் வாசலின் பூச்சு ஆகியவை தேவை. தாங்கிக்கு அலுமினியமோ சூடான துத்தநாகக் குளியல் கொடுத்த இரும்போ போடுங்கள். போல்ட்டுகள் துருப்பிடிக்கா எஃகில் 304 தரத்தைவிட உப்பைக் கூடுதலாகத் தாங்கும் 316 தரமாக இருந்தால் கடலோரத்தில் நிற்கும்.

கண்ணாடி மேல் படிந்த உப்பை விடியற்காலையில் நல்ல தண்ணீரால் கழுவுங்கள். உவர்நீர் காய்ந்தால் வெண்படலம் ஒட்டிக்கொள்ளும். நடுப்பகலில் கொதிக்கும் கண்ணாடியில் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விழ வாய்ப்புண்டு.

தொண்டி வாசகர்: வெயில் படும் இடம் குடிலிலிருந்து பதினைந்து மீட்டர் தள்ளி இருக்கிறது. அங்கே பேனல் வைக்கலாமா?

தாராளமாக வைக்கலாம், ஆனால் 12 வோல்ட்டில் வைக்காதீர்கள். 200 வாட் மின்சாரம் 12 வோல்ட்டில் வந்தால் ஏறக்குறைய 17 ஆம்பியர் ஓடும். 4 சதுர மில்லிமீட்டர் வயரில் போகவர முப்பது மீட்டர் கடக்கும்போது இரண்டு வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே கரைந்துவிடும். 24 வோல்ட்டில் ஓட்டம் பாதியாகும், வோல்ட் இழப்பும் பாதியாகும். விழுக்காட்டில் பார்த்தால் இழப்பு கால் பங்குதான். பேனல்களைத் தொடரில் இணைத்து பேனலின் கூடுதல் வோல்ட்டைப் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் எம்பிபிடி வகை சார்ஜ் கன்ட்ரோலர் போடுவதே நல்லது.

மண்டபம் வாசகர்: பேனலை எந்தத் திசையில், எவ்வளவு சாய்வில் வைப்பது? பக்கத்தில் ஒரு பனைமரம் இருக்கிறது.

தெற்கு நோக்கி, 10 முதல் 15 டிகிரி. பனையின் நிழல் பேனலைத் தொடாத இடமாகப் பாருங்கள். பேனலுக்குள் செல்கள் தொடராக இணைந்திருப்பதால், ஓர் ஓலையின் நிழல்கூட அதன் பரப்பளவைவிடப் பல மடங்கு உற்பத்தியைக் குறைக்கும். அதற்காகப் பனையை வெட்டாதீர்கள், பேனலை நகர்த்துங்கள்.

கீழக்கரை வாசகர்: அரசு மானியம் கிடைக்குமா? குளிர்சாதனப் பெட்டியும் வைக்கலாமா?

2024இல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டம் மின்தொகுப்போடு இணைந்த வீட்டுக் கூரைகளுக்கானது, உங்கள் தனிக் குடிலுக்குப் பொருந்தாது. குளிர்சாதனப் பெட்டி சிறியதாக இருந்தாலும் நாளொன்றுக்கு முக்கால் முதல் ஒரு யூனிட் வரை எடுக்கும். அதாவது மேலே சொன்ன அமைப்பை ஏறக்குறைய இரட்டிப்பாக்க வேண்டும். மீனுக்கு மட்டும் என்றால் ஐஸ் பெட்டி வாங்குங்கள். இன்வெர்ட்டரையும் கவனியுங்கள்: சும்மா இருக்கும்போதே அது 10 முதல் 20 வாட் வரை தின்னும். விளக்கையும் விசிறியையும் பேட்டரியின் நேர் மின்னோட்டத்திலேயே ஓட்டிவிட்டு, இன்வெர்ட்டரைத் தொலைக்காட்சி பார்க்கும்போது மட்டும் போடலாம்.

மூக்கையூர் வாசகர்: புயல் எச்சரிக்கை வந்தால் என்ன செய்வது? கூரை ஓலைதான்.

ஓலைக் கூரையில் பேனலை வைக்கவே கூடாது. காற்று பேனலைப் பட்டம்போல் தூக்கும்போது கூரையும் சேர்ந்து போகும். கான்கிரீட் அடித்தளத்தில் இரும்புத் தூண் நட்டு, கழற்றக்கூடிய போல்ட்டில் பொருத்துங்கள். எச்சரிக்கை வந்ததும் முதலில் பேனல் இணைப்பையும், அதன் பின்னரே பேட்டரி இணைப்பையும் துண்டித்து, பேனலைக் கழற்றி உள்ளே கொண்டுபோங்கள். கழற்றும் முன் அதன் மேல் தார்ப்பாயைப் போர்த்திவிடுங்கள். வெளிச்சம் பட்டுக்கொண்டிருக்கும் வரை, இணைப்பே இல்லாவிட்டாலும், அதன் வயர் முனைகளில் மின்னழுத்தம் இருந்துகொண்டுதான் இருக்கும்.