போஷோக்லோஸ்டருக்குள் சும்மா நடந்து போகலாமா?

தம்பி, ஸ்வீடனின் லுண்டுக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். யார் நிலத்திலும் நடக்க இங்கே உரிமை உண்டு என்கிறார்களே, அப்படியென்றால் போஷோக்லோஸ்டர் போன்ற தனியார் கோட்டைக்குள்ளும் போகலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

போக முடியாது. அல்லேமான்ஸ்ரெட்டன் என்ற அந்த உரிமை காடு, மேய்ச்சல் நிலம் போன்ற வெளியிடங்களுக்குத்தான். வீட்டைச் சுற்றிய இடத்துக்குச் செல்லாது. இத்தனை மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்று சட்டத்தில் அளவு எதுவும் இல்லை. குடியிருப்பவர்களுக்குத் தொந்தரவு ஆகக் கூடாது, அவ்வளவுதான். லுண்ட் இருக்கும் ஸ்கோனே மாகாணத்தில் ஏறக்குறைய பாதி இடம் வயல் வேறு. டிசம்பரில் புல்தரை மாதிரிப் பச்சையாகத் தெரிவது பெரும்பாலும் இலையுதிர் காலத்தில் விதைத்த கோதுமை. அதில் கால் வைக்கக் கூடாது. புதியவர்கள் மாட்டிக்கொள்வது அங்கேதான்.

போஷோக்லோஸ்டருக்குக் கோடையில் டிக்கெட் வாங்கிக்கொண்டு போகலாம். திறந்திருக்கும் நாளைப் பார்த்துக்கொண்டு, லுண்டிலிருந்து ஹோருக்கு ரயில் ஏறுங்கள். அங்கிருந்து தெற்கே சுமார் 5 கி.மீ., ரிங்ஷோன் ஏரிக்கரை. உரிமையாளரான பொண்டே குடும்பம் வசிக்கும் பகுதிக்குள் விடமாட்டார்கள்.

போவதற்கு முன் இதைத் தெரிந்துகொண்டால் பார்க்கச் சுவையாக இருக்கும். 1080 வாக்கில் பெனடிக்டைன் என்ற கத்தோலிக்கத் துறவு சபையின் கன்னியர் மடமாகத் தொடங்கிய இடம் இது. ஸ்கோனே அப்போது டென்மார்க்கின் கையில். பிரபுக்கள் மகளை மடத்தில் விடும்போது சீதனம்போல நிலத்தையும் எழுதிவைப்பார்கள். மடத்துக்குச் சொத்து சேர்ந்தது அப்படித்தான். 1536இல் டென்மார்க் கத்தோலிக்கத்தை விட்டு மாறிய மதச் சீர்திருத்தத்தில் அது டென்மார்க் அரசிடம் போனது. 1560 முதல் பிரபுக்களின் பண்ணை. 1658 ரோஸ்கில்டே ஒப்பந்தத்தில் ஸ்கோனே மொத்தமும் ஸ்வீடனுக்கு வந்தது.

பழசாகத் தெரிவதெல்லாம் மடத்துக் காலத்தது என்று நம்பிவிடாதீர்கள். லுண்ட் தேவாலயத்தைத் திருத்திக் கட்டிய கட்டடக் கலைஞர் ஹெல்கோ செட்டர்வால்தான் 1870களில் இங்கேயும் கைவைத்தார். அவருக்குத் தன் கற்பனையில் இருக்கும் இடைக்காலத்தைக் கட்டுவதில் கொஞ்சம் ஆசை அதிகம். பொண்டே குடும்பத்துக்கு இது பரம்பரைச் சொத்தும் இல்லை. 1908இல் விலைக்கு வாங்கியது.

வானியலர் டைகோ பிராஹே பிறந்த க்னூட்ஸ்டோர்ப் கோட்டையும் ஸ்கோனேயில்தான். அதுவும் தனியார் வீடு. போஷோக்லோஸ்டர் மாதிரி என்று நினைத்து நேரே வாசலுக்குப் போய்விடாதீர்கள். அவர் பிறந்தது 1546, இப்போது நிற்கும் கட்டடம் 1551. ஆக அவர் பிறந்த அறையைத் தேடிப் போவதிலும் பலனில்லை.