மகளின் போனை மகன் ஏன் பார்க்கிறான்?

கேள்வி: என் மகளுக்கு 23 வயது. ஒரு செம்பனை ஆலையில் கிராணியாக (கிளார்க்காக) இருக்கிறாள். அங்கே மேலதிகாரி ஒருவர் இரவில் அசிங்கமான மெசேஜ்கள் அனுப்புகிறார், ஆபீசில் உரசிக்கொண்டு நிற்கிறாராம். நாங்கள் கட்டுப்பாடாக வளர்த்த பெண், அவள் போனை அண்ணன் தினமும் பார்ப்பான். அதனால் வந்த மெசேஜை உடனே அழித்துவிடுகிறாள். வெளியே தெரிந்தால் தோட்டத்தில் பேர் கெட்டுவிடும். வேலையை விடச் சொல்லட்டுமா? – ஒரு தாய், சுங்கை சிப்புட்

பதில்: சகோதரி, வேலையை அப்புறம் பார்ப்போம். முதலில் அந்த அண்ணனைப் பற்றிப் பேச வேண்டும்.

அவள் போனை அண்ணன் தினமும் பார்ப்பான் என்று போகிற போக்கில், அதுவும் பெருமையாக, ஒரு வரி எழுதிவிட்டீர்கள். அந்த ஆளுக்கு எதிராக இருந்த சாட்சி அத்தனையும் உங்கள் மகள் கையாலேயே அழிந்திருக்கிறது. யாருக்குப் பயந்து? உங்கள் வீட்டுக்குப் பயந்து. வாய் திறந்தால் "நீ என்ன இடம் கொடுத்தாய்?" என்று முதலில் கேட்பீர்கள், அடுத்து "நாளையிலிருந்து வீட்டில் இரு" என்பீர்கள். தோட்டத்து வீடுகளிலிருந்து வரும் கடிதங்களில் இதைப் பல தடவை படித்துவிட்டேன். இந்தப் பயம் இருக்கும்வரை அந்த மேலதிகாரிக்கு என்ன கவலை?

அண்ணன் என்பவன் தங்கைக்குக் காவல் என்று நானும் உறுதியாக நம்புகிறேன். காவல் என்றால் அவள் பக்கத்தில் நிற்க வேண்டும். ஆலை வாசலில் போய் அந்த ஆளை அடிப்பதும் காவல் ஆகாது; போலீஸ் உங்கள் மகனைத்தான் பிடிக்கும், தங்கையின் புகார் அதோடு அமுங்கிப்போகும்.

இன்று இரவே எல்லாரும் உட்காருங்கள். "உன் போனை இனி யாரும் தொடமாட்டோம், நீ சொல்வதை நம்புகிறோம்" என்று அண்ணன் வாயாலேயே அவளிடம் சொல்லவையுங்கள். இதைச் செய்யாமல் சட்டம் பேசிப் பயனில்லை.

சட்டம் இருக்கிறது. இனி வரும் மெசேஜ் எதையும் அவள் அழிக்கக் கூடாது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து உங்கள் போனுக்கும் அனுப்பட்டும். "இப்படி அனுப்பாதீர்கள்" என்று ஒரே ஒரு வரி அவனுக்குப் பதில் போடட்டும். அழித்தவற்றில் நினைவில் உள்ளதை, தேதி, நேரம், அருகில் இருந்தவர் பெயரோடு ஒரு நோட்டில் எழுதட்டும். பிறகு நிர்வாகத்துக்கு எழுத்து மூலம் புகார் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்க வேண்டும். வாயால் சொன்ன புகாரை யாரும் மறந்துவிடலாம்.

மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி முதலாளி அதை விசாரித்தே ஆக வேண்டும். விசாரிக்க மறுத்தால் 30 நாளுக்குள் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். கடமை தவறினால் 50,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம். பாலியல் தொல்லை பற்றிய அறிவிப்பை எல்லார் கண்ணிலும் படும்படி வேலையிடத்தில் ஒட்டி வைப்பதும் 2023 முதல் கட்டாயம். அந்த ஆலையில் அது ஒட்டியிருக்கிறதா என்று மகளைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒட்டவில்லை என்றால் அதையும் புகாரில் எழுதலாம்.

நிர்வாகம் மழுப்பினால் ஈப்போவில் தொழிலாளர் இலாகா இருக்கிறது. 2022ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் பாலியல் தொல்லைக்கென்றே தனி நடுவர் மன்றமும் வந்துவிட்டது. அங்கே வக்கீல் வைக்கத் தேவையில்லை; 250,000 வெள்ளி வரை இழப்பீடு தர உத்தரவிட முடியும். தொட்டதற்கும் அசிங்கமாகப் பேசியதற்கும் போலீசிலும் புகார் செய்யலாம்.

பேர் கெடும் என்கிறீர்கள். கெட வேண்டியது அந்த ஆளின் பேர்.

இனி வேலை. புகார் கொடுக்காமல் அவள் நின்றுவிட்டால், அடுத்து அந்த மேசைக்கு வரும் பெண்ணும் உங்களைப் போல ஒரு தாய் பெற்ற பெண்தான். புகார் கொடுத்த பிறகும் அங்கே இருக்க முடியாது என்று மகள் சொன்னால், அது அவள் எடுக்க வேண்டிய முடிவு. இலாகாவுக்குப் போக வேண்டி வந்தால், அன்றைக்கு மகனை லீவு போட்டுவிட்டு அவளை ஈப்போவுக்கு அழைத்துப் போகச் சொல்லுங்கள்.