வானத்துக்கும் கணிச்சம் உண்டு, அக்கா

போன சனிக்கிழமை குளச்சலிலிருந்து மகளோடு வந்திருந்தீர்கள். அவள் படியிறங்கிப் போனதும் மெதுவாகக் கேட்டீர்கள்: "ராடார் படிக்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கா சார். பேசாம கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தா என்ன?" அன்று வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள், சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அவள் நோட்டில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்தீர்களா? மொட்டைமாடியில் கம்பியால் ஏரியல் கட்டி, லேப்டாப்பில் செருகும் சின்ன ரிசீவரை வைத்து, சர்வதேச விண்வெளி நிலையம் 145.825 மெகாஹெர்ட்ஸில் அனுப்பும் சிக்னலைப் பிடித்திருக்கிறாள். திரையில் புள்ளிகள் நேராக வரவில்லை, சாய்ந்து வருகின்றன. நிலையம் நெருங்கும்போது அலைவரிசை கூடும், தாண்டிப் போகும்போது குறையும். பக்கத்தில் பென்சிலால் "இதிலிருந்து வேகம் எடுக்கலாமா?" என்று எழுதியிருக்கிறாள். யாரும் சொல்லிக்கொடுக்காமல் வந்த கேள்வி அது. அதற்காகத்தான் அவள் பக்கம் பேசுகிறேன்.

அவள் சொல்லும் பல ரிசீவர் ராடார் உங்கள் வீட்டில் தெரியாத விஷயமே இல்லை. அண்ணன் கடலில் பாரை, அதாவது மீன் கூடும் கடலடிப் பாறையைக் கண்டுபிடிக்கக் கணிச்சம் பார்ப்பார் அல்லவா? மாதா கோயில் கோபுரத்தையும் பின்னால் உள்ள மலையையும் ஒரே நேரில் பிடிப்பார். அது மட்டும் போதாது, இன்னொரு பக்கத்தில் வேறு இரண்டு அடையாளங்களையும் பிடிப்பார். இரண்டு கோடும் வெட்டும் இடம்தான் பார். ராடாரிலும் ஓரிடத்திலிருந்து அலையை அனுப்பி, செயற்கைக்கோளில் பட்டுத் திரும்புவதைத் தள்ளித் தள்ளி வைத்த பல ரிசீவர்களில் கேட்கிறார்கள். ஒவ்வொரு ரிசீவருக்கும் வந்துசேர எடுத்த நேரத்தைச் சேர்த்துப் பார்த்தால் இடம் கிடைக்கும். ஒவ்வொன்றிலும் அலைவரிசை எவ்வளவு மாறியது என்று பார்த்தால், எந்தத் திசையில் என்ன வேகம் என்பதும் கிடைக்கும். பிரான்சின் கிராவ்ஸ் ராடார் 2005 முதல் அனுப்பும் இடத்தையும் கேட்கும் இடத்தையும் பிரித்து வைத்துச் செயற்கைக்கோள்களைக் கண்காணிக்கிறது.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது அடுத்த கட்டம். செயற்கைக்கோள் தன் எஞ்சினைக் கொஞ்சம் தட்டினால் கண்டுபிடிக்க வேண்டும். முன்னோக்கி நொடிக்கு ஒரு சென்டிமீட்டர் வேகம் கூடினால் போதும், ஒரு நாளில் அது கணித்த இடத்தை விட்டுச் சுமார் இரண்டரை கிலோமீட்டர் விலகிவிடும். அதுவும் முன்னால் போகாது, பின்தங்கும். பாதை உயர்ந்து சுற்ற அதிக நேரம் பிடிப்பதுதான் காரணம். கணித்ததற்கும் அளந்ததற்கும் உள்ள அந்த வித்தியாசம் அளவீட்டுப் பிழையா, உண்மையான நகர்வா என்று பிரிப்பதுதான் வேலை. 2009-ல் இரிடியம் 33, காஸ்மோஸ் 2251 என்ற இரண்டு செயற்கைக்கோள்கள் மோதி உடைந்தன. அப்படி இன்னொன்று நடக்காமலிருக்க எல்லா நாட்டிலும் இந்தக் கணக்குத் தெரிந்தவர்கள் வேண்டும். நம் நாட்டில் ஸ்ரீஹரிகோட்டாவில் ஒரே நேரத்தில் பத்துப் பொருட்களைத் தொடரும் ராடார் இருக்கிறது. இதற்கென்றே 2022-ல் பெங்களூரில் இஸ்ரோ தனி மையமும் திறந்தது.

படிப்புக்கு வருவோம். ஈசிஇ, அதாவது எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன் எடுக்கட்டும். கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் கிடைத்தாலும் கதவு மூடிவிடாது, ஆனால் சிக்னலிலிருந்து தகவலைப் பிரித்தெடுக்கும் சிக்னல் பிராசஸிங்கையும் நிகழ்தகவையும் விடாமல் படிக்க வேண்டும். விண்வெளி என்று பெயர் போட்ட கோர்ஸைப் பார்த்து மட்டும் தெரியாத கல்லூரியில் பணம் கட்டாதீர்கள். ஜேஇஇ அட்வான்ஸ்டில் ரேங்க் வந்தால் வலியமலையில் ஐஐஎஸ்டி என்ற விண்வெளிக் கல்வி நிறுவனம் இருக்கிறது, திருவனந்தபுரம் நமக்குப் பக்கம்தான்.

இஸ்ரோ வேலை உறுதி என்று நான் சொல்ல மாட்டேன். இடங்கள் குறைவு, விண்ணப்பிக்கவே டிகிரியில் பொதுவாக 65 சதவீத மதிப்பெண் கேட்பார்கள். ஆனால் இதே கணக்குதான் வானிலை ராடாரிலும் கப்பல் ராடாரிலும் காரில் வரும் ராடாரிலும் ஓடுகிறது. "நம்ம ஊர்ப் பிள்ளைக்கு இதெல்லாம் ஒத்துவருமா" என்றும் கேட்டீர்கள். இஸ்ரோ தலைவராக இருந்த சிவன் சரக்கல்விளைக்காரர், நாகர்கோவில் இந்துக் கல்லூரியில் கணிதம் படித்தவர். 2025-ல் தலைவரான நாராயணனும் நம் மாவட்டத்துக்காரர்தான், டிப்ளமோவில் தொடங்கியவர்.

உங்கள் வீட்டில் யாரும் டிகிரி முடிக்கவில்லை என்றீர்களே, முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் இந்த வாரமே விண்ணப்பித்துவிடுங்கள். கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தில் சலுகை உண்டு. கலந்தாய்வில் விருப்பக் கல்லூரிகளைப் பதியும் சாய்ஸ் ஃபில்லிங் தொடங்கும் முன்னால் அவளையும் அந்த நோட்டையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், உட்கார்ந்து கல்லூரி வரிசை போடுவோம்.